குழு திறந்து வைத்த குழாய்

1982 ஜூலையில் தில்லி மதராசி கேம்ப்பில், பிழைக்க வந்த தமிழர்களின் குடிசைப் பகுதியில், ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துப்போயின. பாராபுல்லா நாலா என்கிற பெரிய சாக்கடைக்கு அந்தப் பக்கம் கேம்ப். இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தால் லோதி காலனியின் சர்க்கார் குடியிருப்பு. செய்தி அவ்வளவு தூரம் வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. அதுவும் பத்திரிகை வழியாக வரவில்லை. கேம்ப்பிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் வரவில்லை; பதினோரு வீடுகளில் பாத்திரம் தேய்க்காமல் கிடந்தது. நான்காம் நாள் காலையில் அந்தப் பதினோரு வீடுகளிலும் பொதுச் சுகாதாரத்தைப் பற்றி ஒரே நேரத்தில் கவலை பிறந்தது.

அதிகமாகக் கவலைப்பட்டவர் கல்யாணராமன். ஒரு அமைச்சகத்தில் அண்டர் செக்ரட்டரி. ஓய்வு பெற இன்னும் ஒன்பது மாதம்தான் இருந்தது. அதற்குள் ஏதாவது ஒன்றுக்குத் தலைவராகாவிட்டால் அப்புறம் வீட்டுக்குத்தான் தலைவராக இருக்க வேண்டும். அந்தப் பதவியை மனைவி ராஜலக்ஷ்மி விட்டுக்கொடுப்பாள் என்பதற்கு எந்த அறிகுறியும் இல்லை. அவர் காலனியில் இருந்த நான்கு தமிழ் அமைப்புகளையும் தன் வீட்டு டிராயிங் ரூமில் கூட்டினார். குடியிருப்போர் சங்கம், பஜனை மண்டலி, ராஜலக்ஷ்மி நடத்திவந்த மாதர் வட்டம், கதாநாயகி நாக்பூருக்கு மாற்றலாகிப் போனதால் மூன்று வருடமாக நாடகம் போடாத நாடகக் குழு. நான்கும் ஒன்றுசேர்ந்து கேம்ப்பின் ஆரோக்கியத்தைக் காப்பாற்றுவதென்று முடிவாயிற்று.

காப்பாற்றுவதற்கு முன்னால் பெயர் வேண்டும். அதற்கு மூன்று கூட்டங்கள் நடந்தன. 'சுகாதாரம்' என்றால் குப்பை வண்டி ஞாபகம் வருகிறது என்றார் ஒருவர். 'நல்வாழ்வு' என்றால் கட்சி வாடை அடிக்கிறது என்றார் இன்னொருவர். கடைசியில் 'தெற்கு தில்லித் தமிழர் குடும்ப நல ஒருங்கிணைப்புக் குழு' என்று ஏகமனதாகத் தீர்மானித்துக் கைதட்டினார்கள். உடனே லெட்டர்ஹெட் அச்சாயிற்று. இடது ஓரத்தில் பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றின் கீழும் சர்க்கார் பதவி. கடிதம் எழுதுவதற்கு என்று வலது பக்கம் கொஞ்சம் இடம் மீதியிருந்தது.

செயலாளராக ஜம்புநாதனைப் போட்டார்கள். செக்‌ஷன் ஆபீசர். முத்து முத்தான கையெழுத்து. 'முடியாது' என்ற வார்த்தையை ஐம்பது வயதுவரை ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாத வாய். லெட்டர்ஹெட்டுகளும் ரப்பர் ஸ்டாம்பும் சங்கத்து டைப்ரைட்டரும் அவர் வீட்டு ஸ்டீல் அலமாரிக்கு வந்து சேர்ந்தன. அவர் மனைவி வைதேஹி, புடவைகளை ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

"இதுல எத்தனை கடிதாசு எழுதப் போறேள்?" என்று கேட்டாள்.

"எழுதறதுக்குன்னு ஒண்ணும் இல்லே," என்றார் ஜம்பு. "இருக்கணும், அவ்வளவுதான்."

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை குழு கேம்ப்புக்குப் போயிற்று. ஒரு வெள்ளை டெம்போ. அதன் நெற்றியில் துணி பேனர். அதில் தமிழிலும் ஹிந்தியிலும் 'குடும்ப நல முகாம்'. அந்த இரண்டு வார்த்தைக்கு நாலாவின் அந்தக் கரையில் என்ன அர்த்தம் என்று மூன்று கூட்டங்களிலும் யாருக்கும் தோன்றவில்லை. எமர்ஜென்சி முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அப்போதும் இதே மாதிரி வண்டி வந்தது. அதிலும் குடும்ப நலம் என்றுதான் எழுதியிருந்தது. ஏறிப்போன ஆண்கள் நஸ்பந்தி என்கிற கருத்தடை ஆபரேஷன் முடிந்து காலை அகட்டி நடந்து திரும்பி வந்தார்கள்.

டெம்போ ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்ததும் கேம்ப்பில் இருந்த ஆண்கள் எல்லாரும் எழுந்து ஓடினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தட்டோடு ஓடினான். நாலாவில் இறங்கி எதிர்க்கரையில் ஏறியவர்கள் இருபது பேர் இருக்கும். கல்யாணராமன் பேச எழுந்தபோது எதிரே பெண்களும் குழந்தைகளும் ஒரே ஒரு ஆணும் மிச்சம். அந்த ஆள் பூவராகவன். சாக்கடை சுத்தம் செய்யும் தொழிலாளி. காலில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை.

"என்னைப் புடிச்சுப் பிரயோசனம் இல்லீங்க சார்," என்றான் அவன் கையைக் கூப்பி. "எழுபத்தாறுலயே ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. ஒரு டப்பா நெய் தர்றதாச் சொன்னாங்க, இன்னும் வரல. அதைக் குடுக்க வந்திருந்தீங்கன்னா குடுத்துட்டுப் போங்க."

"இது அந்தக் குடும்ப நலம் இல்லேப்பா," என்றார் கல்யாணராமன். "இது பொதுவான குடும்ப நலம்."

"அப்பவும் அப்படித்தாங்க சொன்னாங்க."

பிறகு ராஜலக்ஷ்மி செயல்முறை விளக்கம் தந்தாள். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஸ்டவ்வைப் பற்றவைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துக் காட்டினாள். "இருபது நிமிஷம் தளதளன்னு கொதிக்கணும். ஒரு நிமிஷம் கொறையப்படாது. அப்பறம் ஆறவச்சு, வடிகட்டி, மூடி வச்சுக்கணும். புரிஞ்சுதா?"

முன்வரிசையில் இருந்த ஆராயி தலையாட்டினாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பன்னிரண்டு வருடம் ஆனவள். வைதேஹி வீட்டிலும் ராஜலக்ஷ்மி வீட்டிலும் அவள்தான் வேலை.

"புரிஞ்சுதுங்கம்மா. எதுல கொதிக்கவைக்கறது?"

"ஸ்டவ்வுலதான்."

"ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய்?"

"ரேஷன்ல வாங்கிக்கோயேன்."

"எங்க யாருக்கும் ரேசன் கார்டு இல்லீங்களேம்மா."

ராஜலக்ஷ்மி கொஞ்சம் யோசித்தாள். "அது வேற டிபார்ட்மென்ட்," என்றாள். ஸ்டவ் அணைந்தது. அன்று மாலை ஜம்பு நடவடிக்கைக் குறிப்பில் எழுதினார்: 'முகாம் சிறப்பாக நடந்தேறியது. ஆண்களின் ஒத்துழைப்பு மட்டும் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.'

அடுத்த கூட்டத்தில், பயனாளிகள் தரப்பிலும் ஒரு பிரதிநிதி இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று நாடகக் குழுக்காரர் சொன்னார். ஆராயியைப் போட்டார்கள். முற்போக்கான குழு என்பதால் அவளை நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அவள் நுனியில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து எல்லாருக்கும் காப்பி வேண்டியிருந்தது. அந்த வீட்டில் காப்பி கலந்து கொடுத்து டம்ளர் கழுவி வைக்கிறவள் யார் என்று பார்த்தால் அதுவும் ஆராயிதான். எழுந்து போய் முடித்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போது 'பயனாளிகளின் பங்கேற்பு' என்ற தலைப்பில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் ஒண்ணு சொல்லலாங்களா?" என்று ஆராயி கேட்டாள்.

"சொல்லு, சொல்லு. நீயும் மெம்பர்தானே," என்றார் கல்யாணராமன்.

"நாங்க குடிக்கிறது நாலா ஓரத்துல இருக்கற கைபம்புத் தண்ணிங்க. மழை பேஞ்சா பம்புலயும் நாலா வாடைதான் வருது. அதைக் கொதிக்கவச்சா சுடச்சுட நாலாத் தண்ணி, அவ்வளவுதான். ஏசியாட் வெளையாட்டு நடத்தறதுக்குன்னு ஸ்டேடியத்துக்குப் புதுசாத் தண்ணிக் குழாய் போட்டிருக்காங்க. எங்க ஜுக்கிக் குடிசையிலருந்து எட்டிப் புடிக்கற தூரந்தான் போவுது. அதுலருந்து ஒரே ஒரு நல்காக் குழாய் எங்களுக்குக் குடுத்தாப் போதும். வாட்டர் ஆபீசுக்கு நாலு வாட்டி போயிட்டோம். நீங்க எந்த சன்ஸ்தான்னு கேக்கறாங்க. சங்கம் மாதிரி ஏதாச்சும் லெட்டர் குடுக்கணுமாம். நம்ம சங்கத்துலருந்து ஒரு லெட்டர் குடுங்கய்யா."

பஜனை மண்டலிக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

கல்யாணராமன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்ல யோசனைதான். ஆனா பாரு, இங்க இருக்கறவா எல்லாரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள். சர்க்கார் உத்தியோகஸ்தன் சர்க்கார்கிட்டயே மனு குடுக்கப்படாது. நடத்தை விதிகள்னு ஒரு புஸ்தகம் இருக்கு. நம்ம நோக்கம் விழிப்புணர்வு. குழாய் கேக்கறதெல்லாம் கிளர்ச்சி."

"குழாயாய்யா கிளர்ச்சி?"

"குழாய் இல்லேம்மா. கேக்கறது."

அதற்குப் பதிலாக ஒரு கணக்கெடுப்பு நடத்துவதென்று தீர்மானம் ஆயிற்று. ராஜலக்ஷ்மியின் தம்பி அமெரிக்காவிலிருந்து அனுப்பியிருந்த படிவத்தைப் பார்த்து நாற்பத்திரண்டு கேள்விகள் தயாரித்தார்கள். பதினேழாவது கேள்வி, மீந்த உணவைக் குளிர்பதனப் பெட்டியில் எத்தனை நாள் வைத்துக்கொள்கிறீர்கள் என்பது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி வாக்கில் ஆராயி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வைதேஹி குடையை எடுத்துக்கொண்டு கேம்ப்புக்குப் போனாள். அக்கறையால் போனாள் என்று பிற்பாடு பலர் சொன்னார்கள். வைதேஹி அப்படிச் சொல்லவில்லை. ஊரிலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். வேலைக்கு ஆள் வருமா வராதா என்று தெரியவேண்டியிருந்தது. அதற்காகத்தான் போனாள்.

போகிற வழியில் கைபம்பைப் பார்த்தாள். அதைச் சுற்றிக் கருப்பாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. பம்பின் அடிப்பாகமே அந்தத் தண்ணீருக்குள் நின்றது. ஒருத்தி அதில் நின்றுகொண்டே அடித்துக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். ஆராயியின் ஜுக்கிக்குள் அவள் மகள் செல்வி பத்து மாதப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது. அழ வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"தண்ணி குடுத்தியா?" என்றாள் வைதேஹி.

"குடுக்கலம்மா. குடுத்தா இன்னும் போவுது. அதனால நேத்துலருந்து நிறுத்திட்டோம்," என்றாள் செல்வி.

வைதேஹிக்கும் அது சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுப் திரும்பிப் போக முடியாது என்று தெரிந்தது. செல்வியையும் குழந்தையையும் ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அப்போதுதான் வந்து சேர்ந்த ஆராயி இன்னொரு பக்கம் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நால்வரும் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் கை ஜில்லிட்டிருந்தது. வார்டில் சாந்தகுமாரி என்று நாகர்கோவில் பக்கத்து நர்ஸ் இருந்தாள். அவள் பேசவே இல்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். காலில் நரம்பு தேடி ஊசி குத்தி, பாட்டில் இறங்க ஆரம்பித்த பிறகுதான் வெளியே வந்தாள்.

"இன்னும் ஒரு மணி நேரம் களிஞ்சு வந்திருந்தா ஒண்ணும் செய்திருக்க முடியாது. யாரு தண்ணி குடுக்காதேன்னு சொன்னது?"

செல்வி அழுதாள். வைதேஹி தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மாதமாகத் தன் வீட்டு அலமாரியில் இருக்கும் குழுவின் எந்தக் காகிதத்திலும், வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கவேண்டும் என்ற ஒரு வரி இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சாந்தகுமாரி ஒரு கூஜாவை எடுத்துக் கலந்தே காட்டினாள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கரண்டி கரண்டியாக விடாமல் கொடுக்க வேண்டும். "இவ்வளவுதான். இதுக்குப் படிப்பு வேண்டாம். ஆனா நல்ல தண்ணி வேணும். ஒங்க கேம்ப்லேருந்து இந்த மாசம் இது ஏழாவது பிள்ளை. பிள்ளைகளை இங்க சுமந்துட்டு வந்துட்டே இருக்கிய. தண்ணிய அங்க கொண்டுபோக ஒரு ஆளும் இல்லியா?"

குழந்தை மூன்றாம் நாள் சத்தம் போட்டு அழுதது. வார்டில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதது. செல்வி அதோடு சேர்ந்து சிரித்தாள். ஆராயி வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வைதேஹி கணவரிடம் சொன்னாள்: "நான் உத்தியோகம் பார்க்கலே. என்னை எந்த நடத்தை விதியும் ஒண்ணும் பண்ணாது. அந்த லெட்டர்ஹெட்ல ஒண்ணு வேணும்."

ஜம்பு வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "எதுக்குன்னு எங்கிட்ட சொல்லாதே," என்றார். "நான் குளிக்கப் போறேன்." அலமாரிச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டு வருகிறவர் அன்று முக்கால் மணி நேரம் குளித்தார். உள்ளிருந்து ஏதோ ஸ்லோகம் மிகவும் சத்தமாகக் கேட்டது, டைப்ரைட்டர் சத்தம் தன் காதில் விழாத அளவுக்கு.

கல்யாணத்துக்கு முன் கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் வைதேஹி. பதினெட்டு வருடத்துக்குப் பின் விரல்கள் தடுமாறின. பத்து வரி. கீழே 'செயலாளருக்காக' என்று போட்டுத் தன் பெயரைத்தான் எழுதினாள். ஸ்டாம்ப்பை ஊதி ஊதி இரண்டு இடத்தில் குத்தினாள்.

மறுநாள் ஆராயி இருபத்திரண்டு பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்தாள். வாட்டர் ஆபீஸ் வாசலில் பியூன் வழக்கம்போல் கையை விசிறி, "சலோ, சலோ," என்று விரட்டினான். வைதேஹி கடிதத்தை நீட்டினாள். அது உள்ளே போயிற்று. இரண்டு நிமிடத்தில் இஞ்சினியரே வெளியே வந்தார். அவர் இருபத்துநான்கு பெண்களையும் பார்த்ததாகத் தெரியவில்லை. கடிதத்தின் வலது பக்கத்தில் இருந்த பத்து வரிகளைப் படித்ததாகவும் தெரியவில்லை. இடது ஓரத்தைத்தான் மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு அண்டர் செக்ரட்டரி, நான்கு செக்‌ஷன் ஆபீசர்கள், ஆடிட்டில் ஒருவர்.

"ஆயியே, பைட்டியே," என்றார். நாற்காலிகள் வந்தன. போதாததற்குப் பக்கத்து அறையிலிருந்தும் வந்தன. "கல்யாணராமன் சாஹப் சௌக்கியமா?" அவரை இஞ்சினியர் ஜென்மத்தில் பார்த்ததில்லை.

"சௌக்கியமா இருக்கார்," என்றாள் வைதேஹி. அதில் பொய் எதுவும் இல்லை.

"எங்களிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே. இதுவரை யாருமே வந்து கேட்கவில்லை," என்று ஹிந்தியில் சொல்லி வருத்தப்பட்டார். நான்கு தடவை வந்துபோன ஆராயி அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதுவும் சொல்லிவிடக் கூடாதே என்று வைதேஹி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருடமாக நடக்காத காரியத்துக்கு ஒன்பது நாளில் ஆர்டர் ஆயிற்று.

விஷயம் கல்யாணராமனுக்குத் தெரிந்தது டெலிபோனில். "சாஹப், உங்கள் உத்தரவுப்படி குழாய் போட்டாயிற்று," என்று இஞ்சினியர் ஆபீசுக்குப் போன் செய்தார். நடத்தை விதிகள், விசாரணை, பென்ஷன் என்று வரிசையாகக் கல்யாணராமனின் கண்முன் வந்தன. அவர் மறுப்பதற்கு வாயைத் திறந்தபோது அந்தப் பக்கமாக வந்த மேலதிகாரி ஜாயிண்ட் செக்ரட்டரி, என்ன விஷயம் என்று விசாரித்தார். விவரம் கேட்டுவிட்டு முதுகில் தட்டி, "பலே, இந்த மாதிரி சேவை மனப்பான்மைதான் நாட்டுக்குத் தேவை," என்றார். கல்யாணராமன் ரிசீவரை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, "ஆமாம், நான்தான் சொல்லியிருந்தேன்," என்றார்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். பொருள் ஒன்று: குழுவின் லெட்டர்ஹெட்டையும் முத்திரையையும் அனுமதியின்றி உபயோகித்த திருமதி வைதேஹி ஜம்புநாதனைக் கண்டிப்பது. பொருள் இரண்டு: குழு பெற்றுத்தந்த குழாய்க்குத் திறப்பு விழா நடத்துவது. இரண்டும் ஏகமனதாக நிறைவேறின. மனைவியைக் கண்டிக்கும் தீர்மானத்தை ஜம்பு முத்து முத்தாக எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடினார்.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம்," என்றார். "முதல் தீர்மானம் சரின்னா ரெண்டாவது தப்பு. ரெண்டாவது சரின்னா முதல் தீர்மானம் தப்பு. எதை அடிக்கட்டும்?"

ஜம்பு கேள்வி கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. கல்யாணராமன், "ரெண்டும் இருக்கட்டும். தனித்தனிப் பக்கத்துல எழுதிக்கோங்கோ," என்றார்.

விழா ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு. தலைமை, முதுகில் தட்டிய ஜாயிண்ட் செக்ரட்டரி. குழாயில் வெள்ளிக்கிழமையே தண்ணீர் வந்துவிட்டது. சனிக்கிழமை ராஜலக்ஷ்மி வந்து அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, நாளைக்குத் திறக்கும் வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"அதுவரைக்கும் புள்ளைங்க தாகத்தை அடக்கிக்கணுமா?" என்றாள் ஆராயி, அவள் போன பிறகு. ஞாயிறு அதிகாலை தண்ணீர் வந்ததும் செல்வி ரிப்பனை அவிழ்த்தாள். எல்லாரும் குடம் நிரப்பிக்கொண்டார்கள். செல்வி மறுபடி கட்டினாள். முந்தைய முடிச்சைவிட அழகாக வந்தது. முடிச்சு பிரமாதம் என்று ராஜலக்ஷ்மியே விழாவில் பாராட்டினாள், தான் கட்டியது என்று நினைத்து.

தண்ணீர் காலை ஐந்திலிருந்து ஏழு மணி வரைதான் வரும். இதைக் கேம்ப்பில் நான்கு வயதுக் குழந்தைகூடச் சொல்லியிருக்கும். குழுவில் யாரும் கேட்கவில்லை. கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, சுயமுயற்சியின் மேன்மை பற்றிக் கல்யாணராமனின் முப்பத்தைந்து நிமிடப் பேச்சு எல்லாம் ஆகி, ஜாயிண்ட் செக்ரட்டரி ரிப்பனை வெட்டிக் குழாயைத் திருகினார். குழாய் ஒரு நீளமான பெருமூச்சு விட்டது. ஒரு சொட்டு வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

ராஜலக்ஷ்மி முதலில் கைதட்டினாள். அவளைப் பார்த்து எல்லாரும் தட்டினார்கள். போட்டோகிராபர் படம் எடுத்தார். ஆராயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, காலையில் பிடித்துவைத்த குடத்திலிருந்து ஒரு டம்ளர் மொண்டு ஜாயிண்ட் செக்ரட்டரியிடம் நீட்டினாள். "இந்த நல்காத் தண்ணிதாங்க. குடிச்சுப் பாருங்க."

அவர் டம்ளரைப் பார்த்தார், நாலாவைப் பார்த்தார், உதட்டை நனைத்துக்கொண்டு, "பஹுத் அச்சா," என்றார். டம்ளரைக் கல்யாணராமனிடம் கொடுத்தார். கல்யாணராமன் தனக்கு இன்று உபவாசம் என்று சொல்லி ஜம்புவிடம் கொடுத்தார். ஜம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு டம்ளர் இருக்கா?" என்று ஆராயியைக் கேட்டார். பெண்கள் நடுவில் நின்றுகொண்டிருந்த வைதேஹி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குழு அதற்குப் பிறகு அதிக நாள் உயிரோடு இல்லை. குழாய்க்குப் பக்கத்தில் வைக்கவேண்டிய கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்பதில் பஜனை மண்டலிக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றது. நாடகக் குழு வெளிநடப்பு செய்தது. மூன்று வருடத்தில் அவர்கள் நடத்திய ஒரே காட்சி அதுதான். கல்யாணராமன் ஏப்ரலில் ஓய்வு பெற்று நங்கநல்லூரில் குடியேறினார். அங்கேயும் ஒரு ஒருங்கிணைப்புக் குழு தேவைப்படுவதாகப் போனவுடனேயே கண்டுபிடித்தார் என்று கேள்வி.

கேம்ப்பில் குழு என்று யாரும் பெயர் வைக்கவில்லை. குழாயடியில் சண்டை வராமல் இருக்க ஆராயி சந்துக்குச் சந்து முறை வைத்தாள். தண்ணீர் தேங்கினால் மறுபடி அதே நோய் வரும் என்று சாந்தகுமாரி சொன்னதால், கால் குணமான பூவராகவன் தலைமையில், ஓடிப்போன அதே ஆண்கள் மண்வெட்டியோடு வந்து வடிகால் வெட்டினார்கள். சாந்தகுமாரி தன் விடுமுறை நாளில் வந்து, சந்துக்கு ஒரு பெண்ணுக்கு உப்பு-சர்க்கரைத் தண்ணீர் கலக்கக் கற்றுக்கொடுத்தாள். வைதேஹி சின்னச் சின்ன பாட்டில்களில் அளவுக்குக் கோடு போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கு வந்த கண்டனக் கடிதத்தின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எந்தச் சந்துக்கு யார் பொறுப்பு என்பதை அதில்தான் எழுதிவைத்திருந்தாள்.

அடுத்த ஜூலையில் மழை கொட்டியது. பத்தொன்பது குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. ஒன்றுகூடச் சாகவில்லை. இதற்கு யாரும் விழா எடுக்கவில்லை; எடுத்திருந்தால் தலைமை தாங்க ஆள் கிடைத்திருக்கும்.

ஆகஸ்டில் ஒரு நாள் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து ஜுக்கிகளிலிருந்து ராஜாத்தி என்று ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு ஆராயியைத் தேடி வந்தாள். வைதேஹியும் அப்போது அங்கே இருந்தாள்.

"எங்க பக்கம் ரெண்டு புள்ளைங்க போயிடுச்சுக்கா. ஒங்களுக்கு மட்டும் எப்படி நல்கா குடுத்தாங்க? யாரைப் போய்ப் பாக்கணும்?"

"பாக்கறது இருக்கட்டும். முதல்ல ஒங்க சந்துல எத்தனை பொம்பளைங்க வருவாங்க, சொல்லு," என்றாள் ஆராயி.

"தெரியலக்கா. யாரையும் கேக்கல."

"வா, கேப்போம்." ஆராயி செருப்பை மாட்டிக்கொண்டாள். ராஜாத்தியின் குழந்தைக்கு உதடு காய்ந்திருந்ததைப் பார்த்து வைதேஹி உப்பு-சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தாள். நடந்துகொண்டே கரண்டி கரண்டியாகக் கொடுத்தாள். மழை இன்னும் விடவில்லை. ஒரே குடைக்குள் மூன்று பேரும் தலையை நுழைத்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டிப் போனார்கள்.